போட்ட காசும் இனிப் போடப்போகும் காசும்

கேள்வி:

ஐயா, திருப்பூரில் எங்கள் குடும்பம் நடத்தும் பனியன் கம்பெனியில் நான் நிர்வாகம் பார்க்கிறேன். ஆண்டுக்கு 60 கோடி ரூபாய் அளவுக்கு ஏற்றுமதி. 2022இல் அப்பா, நான், தம்பி மூவரும் உட்கார்ந்து ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம் ஒன்று போட்டோம். மொத்தம் 9 கோடி. அதற்குள் ஆறு வேலைகள்: கூரையில் சோலார், ஈஆர்பி மென்பொருள் (ஆர்டர், ஸ்டோர், தையல், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது), கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின், குழந்தைகள் உடைக்குச் சொந்த பிராண்ட், பாலியஸ்டர் விளையாட்டு உடைக்குத் தனி லைன், தாராபுரம் பக்கத்தில் ஒரு தையல் கிளை. சோலார் முடிந்துவிட்டது. கட்டிங் மெஷின் ஓடுகிறது. ஈஆர்பி 14 மாதத்தில் முடியும் என்றார்கள். 30 மாதம் ஆகிறது. பிராண்டுக்கு இதுவரை 2 கோடியே 40 லட்சம் போயிருக்கிறது. அதில் 85 லட்சம் ஸ்டாக்காகக் குடோனில் இருக்கிறது. ஆன்லைனில் மாதம் 6 லட்சத்துக்கு விற்கிறது, 30 சதவீதம் திரும்பி வந்துவிடுகிறது. விளம்பரம், சம்பளம், கூரியர், வாடகை என்று மாதச் செலவு 12 லட்சம். விளையாட்டு உடைக்கு பிரிட்டன் பையர் ஒருவர் ஒரு ஆர்டர் கொடுத்தார், இரண்டாவது வரவில்லை. தாராபுரம் கிளை 38 சதவீத எஃபிஷியன்சியில் தொடங்கி 46க்கு வந்திருக்கிறது. அடுத்த கட்டத்துக்கு 45 லட்சம் வேண்டும். எல்லா வேலைக்கும் ஓடுவது ஒரே புரொடக்‌ஷன் மேனேஜர்தான். வங்கியில் சிசி லிமிட் (அன்றாடத் தொழில் செலவுக்கு வங்கி கொடுக்கும் கடன் வரம்பு) முழுவதும் எடுத்தாயிற்று. "போட்ட காசெல்லாம் வீணாப் போயிரும்" என்கிறார் அப்பா. பிராண்டைப் பார்ப்பது தம்பி, அதற்கு வைத்திருப்பது எங்கள் அப்பத்தா பெயர். "இன்னும் ஆறு மாசம் குடுக்கா" என்கிறான். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று எப்படி முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சிசி லிமிட் முழுவதும் எடுத்தாயிற்று என்பதைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதல் வரியாக வைத்துத்தான் மற்றதைப் படித்தேன். கையில் பணம் இருந்தவரை ஆறு வேலைகளும் அண்ணன் தம்பிகளாக ஒரே வீட்டில் இருந்தன. லிமிட் தீர்ந்த நாளிலிருந்து ஒன்றின் சோற்றை எடுத்துத்தான் இன்னொன்றுக்குப் போடுகிறீர்கள். ஆகவே "இந்த வேலை நன்றாகப் போகிறதா" என்று ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்திக் கேட்டுப் பயனில்லை. இது உயிரோடு இருப்பதற்கு எது பட்டினி கிடக்கிறது என்று கேட்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6 லட்சம் விற்பனையில் 30 சதவீதம் திரும்பினால் மிஞ்சுவது 4 லட்சத்து 20 ஆயிரம். செலவு 12 லட்சம். மாதம் 7 லட்சத்து 80 ஆயிரம் கையிலிருந்து போகிறது. தம்பி கேட்கும் ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 47 லட்சம். தாராபுரம் கேட்பது 45 லட்சம். அவர் கேட்கிற ஆறு மாதமும் தாராபுரத்தின் அடுத்த கட்டமும் ஒரே பணம். உங்கள் வீட்டில் யாரும் இதுவரை இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பிராண்டின் கணக்கு தம்பியின் லேப்டாப்பில் இருக்கும், தாராபுரத்தின் கணக்கு உங்கள் மேசையில் இருக்கும். இப்படிப் பிரிந்து கிடக்கிறவரை இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத இன்னொரு இடத்திலிருந்தும் பணம் போய்க்கொண்டிருக்கும். லிமிட் தீர்ந்த கம்பெனியில் நிட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறவர்களின் பில்தான் முதலில் தள்ளிப்போகும். அவர்களில் பலர் உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில்கள். அவர்களுக்குப் பணம் கொடுக்க, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டி ஆண்டு முடிவில் பாக்கி நின்றால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. 2023-24ஆம் நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் இருக்கும் விதி இது. வரியை விடுங்கள். சீசன் நேரத்தில் உங்கள் நூலை முதலில் மெஷினில் ஏற்றுகிறவர், பாக்கி நிற்கிற ஆண்டில் மூன்றாவதாக ஏற்றுவார். அதனால் ஷிப்மெண்ட் தள்ளிப்போய் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவும் பிராண்டின் செலவுதான். எந்தக் கணக்கிலும் அது அப்படி ஏறாது.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். போன 2 கோடியே 40 லட்சத்தில் 1 கோடியே 55 லட்சம், நீங்கள் நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் திரும்பாது. முடிவெடுக்கும் தாளில் அதற்கு இடமே கிடையாது. காஸ்ட் அக்கவுண்டன்சி படிக்க வருகிற மாணவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அவனும் பரீட்சையில் சரியாக எழுதிவிடுகிறான். சொந்தப் பணம் போட்டவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. நாலு பவர் டேபிளில் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில்) தொடங்கி, ஆர்டர் இல்லாத மாதங்களிலும் விடாமல் நின்றுதான் உங்கள் அப்பாவின் தலைமுறை இந்த ஊரைக் கட்டியது. விடாமல் நின்றதே அவர்களைக் காப்பாற்றியது. அவரிடம் போய் "அது செத்த காசுங்கப்பா" என்று சொல்லிவிடாதீர்கள்.

மீதி 85 லட்சம் ஸ்டாக்கைக் காட்டிப் பேசுங்கள். அது இன்னும் உயிரோடு இருக்கிறது, மாதாமாதம் இளைத்துக்கொண்டும் இருக்கிறது. குழந்தைகள் உடையில் எல்லா சைஸும் வரிசையாக இருக்கும் வரைதான் விலை. நடு சைஸ்கள் விற்று ஓரத்து சைஸ்கள் மட்டும் மிஞ்சினால் கடைக்காரர் தொடமாட்டார். பிறகு காதர்பேட்டை மொத்தச் சந்தையில் லாட்டாகத் தள்ள வேண்டியதுதான். இன்றே இரண்டு மொத்த வியாபாரிகளைக் குடோனுக்கு அழைத்து விலை கேளுங்கள், விற்க வேண்டாம், கேட்டால் போதும். மூன்று மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடி கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் காத்திருந்ததற்கான கூலி. போன காசுக்காக வருந்துகிற அப்பாவுக்கு, போகப்போகிற இந்தக் காசைக் காட்டினால் புரியும்.

2022இல் திட்டம் போட்டபோது பிராண்டைப் பற்றி என்ன எழுதினீர்கள்? அந்தத் தாளைத் தேடி எடுங்கள். என் அனுபவத்தில் முதல் ஆண்டு "மாதம் 25 லட்சம் விற்கும்" என்பது போல ஒரு எண் இருக்கும். மறு ஆண்டு "லாபம் இப்போது முக்கியமில்லை, வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறுகிறது" என்றாகும். அதற்கடுத்த ஆண்டு "பெயர் பரவுகிறது, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் பாருங்கள்" என்பார்கள். செலவு கூடுவதும் நாள் தள்ளிப்போவதும் என்னை அவ்வளவாகக் கவலைப்பட வைப்பதில்லை. பின்னலாடைத் தொழிலில் எது சொன்ன நாளில் முடிந்திருக்கிறது? ஒரு வேலை இருப்பதற்கான காரணம் ஆண்டுக்கு ஆண்டு மாறினால்தான் நான் பயப்படுவேன். முதலில் சொன்ன காரணம் விழுந்த அன்றே யாராவது "அப்படியானால் இது எதற்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் புதுக் காரணத்தைத் தேடியிருப்பார்கள். உங்கள் தாளில் அப்படி இல்லையென்றால் நல்லது. இருந்தால், தேதியோடு மூன்று வரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2010 வாக்கில் உங்கள் ஊரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு நான் செலவுக் கணக்கு ஆலோசகனாக இருந்தேன். அவர்களும் ஒரே நேரத்தில் நாலு வேலை வைத்திருந்தார்கள்: ஒரு கட்டட விரிவாக்கம், ஒரு ஷோரூம், ஒரு துணிப் பரிசோதனைக் கூடம், ஒரு மென்பொருள். மாதம் ஒருமுறை நான் அறிக்கை கொடுப்பேன். எத்தனை சதவீதம் முடிந்தது, எவ்வளவு செலவானது, எல்லாம் சரியாக இருக்கும். "இதில் எதை நிறுத்தலாம்" என்ற கேள்வி என் அறிக்கையில் ஒரு மாதம்கூட வரவில்லை. என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் கழிவுநீர் விடுவது நிற்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டிய நிலை, செலவும் நாளும் கூடி ஒரே மாதத்தில் பணம் இறுகியது. முதலாளி ஒரு வாரத்தில் முடிவெடுத்தார். அந்த மாதம் எதன் பில் பெரிதாக மேசைக்கு வந்ததோ அதை நிறுத்தினார். அது பரிசோதனைக் கூடம். நாலில் பையர்கள் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். போர்டு மாட்டியாயிற்று என்பதற்காக ஷோரூமை வைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து ஷோரூமும் போயிற்று.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நெருக்கடியில் இருக்கிறவர் கண்ணில் படுவதைத்தான் வெட்டுவார். முன்கூட்டியே வரிசை எழுதி வைத்திருக்க வேண்டியது என் வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது பலரிடம் அதே பதற்றத்தைப் பார்த்தேன். அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று தெரியாது. அது வருவதற்கு முன் உங்கள் ஆறு வேலைகளுக்கும், எது முதலில் போகும், எது கடைசி வரை நிற்கும் என்று ஒரு வரிசை உங்களிடம் இருக்க வேண்டும்.

வெளியுலகத்தில் இதை ஒழுங்காகச் செய்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஏர்பஸ். 2007இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வழியாகச் சேவைக்கு வந்த அந்த இரண்டடுக்கு ஏ380 விமானத்தை நிறுத்தப்போவதாக 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதன் மிகப்பெரிய வாடிக்கையாளரான எமிரேட்ஸ் ஆர்டரைக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். அந்த எமிரேட்ஸ் வெறுங்கையோடு போய்விடவில்லை. அதே நிறுவனத்தின் ஏ330, ஏ350 ரகங்களில் 70 விமானங்கள் வாங்கிக்கொள்ள அதே அறிவிப்பிலேயே இணங்கியது. கடைசி ஏ380 கைமாறியது 2021 டிசம்பரில். நிறுத்துகிறோம் என்று சொன்ன பிறகும் ஏறக்குறைய மூன்று ஆண்டு ஒப்புக்கொண்ட விமானங்களைக் கட்டிக் கொடுத்தார்கள், மொத்தம் 251. பறந்துகொண்டிருப்பவற்றுக்கு உதிரி பாகமும் பராமரிப்பும் இன்றும் உண்டு. ஒரு வேலை முடிந்தது, அதன் வாடிக்கையாளர் திட்டத்துக்குள்ளேயே இருந்தார்.

நானோ காரின் கதை வேறு விதம். குடும்பத்தோடு ஸ்கூட்டரில் போகிறவர்களுக்காக ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று ரத்தன் டாடா மனதார விரும்பிச் செய்தது. குஜராத்தின் சாணந்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக்கூடிய ஆலை கட்டினார்கள். மிக நன்றாக விற்ற ஆண்டிலேயே 75 ஆயிரத்தைத் தொடவில்லை. 2018 ஜூன் மாதம் முழுவதிலும் அங்கே தயாரானது ஒரே ஒரு நானோ. டாடா குழுமத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி 2016இல் எழுதிய கடிதத்தில், அதை மூடாமல் வைத்திருந்ததற்கு உணர்ச்சிதான் காரணம் என்று குறிப்பிட்டார். அவர்களுக்குள் வழக்கு நடந்த காலம் அது, அதில் யார் பக்கம் நியாயம் என்ற பேச்சு நமக்கு வேண்டாம். அத்தனை பெரிய நிறுவனத்திலேயே அன்பு வைத்த ஒன்றை மூடக் கை வராமல் போகும் என்றால், அப்பத்தா பெயர் வைத்த பிராண்டை மூட உங்கள் வீட்டில் கை நடுங்குவதில் வியப்பில்லை.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோலார் முடிந்துவிட்டது என்கிறீர்கள். கணக்கில் முடித்தீர்களா? அதற்கென்று ஒதுக்கி மிஞ்சிய தொகை இன்னும் அதன் பெயரிலேயே நிற்கிறதா, வாரக் கூட்டத்தில் அதற்கு இன்னும் பத்து நிமிடம் போகிறதா என்று பாருங்கள். நன்றாக முடிந்த வேலையை யாரும் மூடுவதில்லை, யாருக்கும் அது வலிக்காததால். அதை மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்து, மிஞ்சிய பணத்தைத் திட்டத்தின் பொதுக் கணக்குக்குக் கொண்டு வாருங்கள். கட்டிங் மெஷினும் அப்படியே. இந்த இரண்டை முடித்தாலே உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வாரம் சில மணி நேரம் திரும்பக் கிடைக்கும். பணத்தைவிட அரிதானது அவருடைய நேரம். இரண்டு வாரத்துக்கு எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று அவரையே ஒரு சின்ன நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பிராண்டின் அவசர லாட்டுக்காக அவர் தாராபுரம் போகாமல் நின்ற நாட்கள் அதில் தெரியும்.

ஈஆர்பிதான் உங்கள் ஆறில் மிகவும் கெட்ட பெயர் எடுத்திருக்கும். நாளும் போய், பணமும் போய், ஆட்கள் திட்டுகிற வேலை. நிறுத்த வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோரும் கை தூக்குவார்கள். அதை நிறுத்தாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். கட்டிங் மெஷினின் மார்க்கர் கணக்கு (எந்தத் துண்டை எப்படி அடுக்கி வெட்டினால் எவ்வளவு துணி ஆகும் என்பது) ஸ்டோருக்குப் போக வேண்டும். தாராபுரத்தில் எந்த பண்டில் எந்த டெய்லரிடம் நிற்கிறது என்று திருப்பூரில் இருந்தபடி தெரிய வேண்டும். இரண்டும் இந்த மென்பொருள் மேல்தான் நிற்கின்றன. தனியாகப் பார்த்தால் தோல்வி, திட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால் அஸ்திவாரம். எல்லையை மட்டும் வெட்டுங்கள். ஆர்டர், ஸ்டோர், கட்டிங், தையல் ஆகிய நாலும் ஓடினால் போதும். கணக்குக்கு ஏற்கெனவே டேலி இருக்கும், சம்பளத்துக்கு ஒரு எக்செல் இருக்கும். அவற்றை இதற்குள் இழுக்கும் வேலையை இன்றோடு விடுங்கள். சாஃப்ட்வேர்க்காரரிடம் இந்த நாலுக்கு மட்டும் தேதி வாங்கி, மீதிப் பணத்தை அந்தத் தேதியோடு கட்டிப் போடுங்கள்.

விளையாட்டு உடை லைனில் ஒரு சிக்கல் இருக்கலாம். மெஷின்களை இபிசிஜியில் (ஏற்றுமதியாளர்கள் இயந்திரம் இறக்குவதற்கான அரசுச் சலுகைத் திட்டம்) வரியில்லாமல் இறக்கினீர்களா? அப்படியென்றால், மிச்சப்பட்ட வரியைப் போல ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு ஆண்டுக்குள் காட்டும் கடமை இருக்கிறது. குறைந்தால் குறைந்த அளவுக்கு வரியை வட்டியோடு கட்ட வேண்டும். நிறுத்தும் செலவு என்று நான் சொல்வது இப்படிப்பட்டவற்றைத்தான். இதை எழுதாமல் "மூடிவிடலாம்" என்று பேசுவது அரைக் கணக்கு. ஆனால் லைனை மூடுவதும் மெஷினை மூடுவதும் வேறு. விளையாட்டு உடைக்கு வாங்கிய பிளாட்லாக் தையல் மெஷின் பருத்தி டி-ஷர்ட்டுக்கும் தைக்கும். அந்த மெஷின்களை உங்கள் வழக்கமான ஏற்றுமதிக்குத் திருப்பினால் கடமை கழியுமா, இடம் மாற்றினால் எந்தச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று உங்களுக்கு டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) வேலை பார்ப்பவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு மெஷினையும் நகர்த்த வேண்டாம்.

"பிரிட்டன் ஒப்பந்தம் வந்தால் ஆர்டர் கொட்டும், அதுவரை வைத்திருப்போம்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான அந்த இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தின் வரிச்சலுகை பாலியஸ்டருக்கு மட்டும் வரவில்லை. நீங்கள் இருபது ஆண்டாகச் செய்யும் பருத்தி உடைக்கும் வருகிறது. எல்லாச் செடிக்கும் பெய்கிற மழையைக் காட்டி இந்த ஒரு செடியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாட முடியாது. பையரிடம் நேரடியாகக் கேளுங்கள்: அடுத்த சீசனுக்கு எத்தனை பீஸ், எந்த விலை? எழுத்தில் பதில் வந்தால் லைன் இருக்கட்டும். சாம்பிள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால், அது உங்கள் செலவில் அவர் நடத்தும் ஆராய்ச்சி.

தாராபுரம் எனக்கு நம்பிக்கை தருகிறது. 38இலிருந்து 46 என்பது சின்ன ஏற்றம்தான், ஆனால் புது ஆட்களைப் பழக்கி எடுக்கிற கிளைக்கு அது உண்மையான ஏற்றம். காலையில் வேனில் வந்து சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பெண்கள் வேலையில் நிலைத்திருப்பார்கள், ஹாஸ்டல் செலவும் இல்லை. ஆனாலும் 45 லட்சத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். 20 லட்சம் இப்போது, மீதி 25 லட்சம் தொடர்ந்து இரண்டு மாதம் 55 சதவீதம் காட்டிய பிறகு. நன்றாகப் போகும் வேலைக்கு நிபந்தனை எழுதுவதுதான் சுலபம், யாருக்கும் கோபம் வராது. இதை முதலில் செய்தால் பிராண்டுக்கு நிபந்தனை எழுதும்போது, தம்பியை மட்டும் குறி வைத்தது போல இருக்காது.

பிராண்டுக்கு என் யோசனை இது. ஆறு மாதம் கொடுக்காதீர்கள். தீபாவளி வரை கொடுங்கள், மூன்று கட்டுப்பாட்டோடு. புதிதாக ஒரு கிலோ துணிகூட வாங்கக் கூடாது, இருக்கிற ஸ்டாக்கைத்தான் விற்க வேண்டும். தீபாவளி வரை மொத்தமாக இத்தனை லட்சம்தான் என்று ஒரு தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். 12 லட்சம் போதும் என்று நினைக்கிறேன். அது தீர்ந்தால் அன்றே முடிந்தது. மூன்றாவது, வெற்றி என்றால் என்ன என்பதைத் தம்பியே இன்று எழுத வேண்டும்: தள்ளுபடி இல்லாமல் மாதம் எவ்வளவு விற்பனை, திரும்பி வருவது எத்தனை சதவீதத்துக்குள். அவர் எழுதும் எண்ணை நீங்கள் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். தீபாவளி முடிந்த இரண்டாவது திங்கட்கிழமை அந்தத் தாளைப் பிரித்துப் பார்ப்பீர்கள். தீபாவளி மட்டும் கூட்டிக் காட்டும் என்று அவரே நேர்மையாக யோசித்தால், அதற்கு முந்தைய மாதத்தின் எண்ணையும் சேர்த்து எழுதுவார்.

நான் பந்தயம் கட்டினால் பிராண்ட் அந்த எண்ணைத் தொடாது என்றுதான் கட்டுவேன். திரும்பி வருவது 30 சதவீதம் என்பது விளம்பரத்தால் சரியாகாது. சைஸ் சரியில்லை, அல்லது போட்டோவில் தெரிகிற துணியும் கையில் வருகிற துணியும் ஒன்றாக இல்லை. திரும்பி வந்த நூறு பார்சலைப் பிரித்து, காரணம் எழுதி அடுக்கச் சொல்லுங்கள். காரணம் ஒன்றேயானால், அது பேட்டர்ன் மாஸ்டர் திருத்தக்கூடியதானால், என் பந்தயத்தில் நான் தோற்கலாம். தோற்றால் மகிழ்வேன்.

முடிவெடுக்கும் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்ப நிறுவனங்களில் அப்பா முதலில் பேசினால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். நீங்கள், தம்பி, அப்பா, புரொடக்‌ஷன் மேனேஜர், ஆடிட்டர் ஐந்து பேரும் பேச ஆரம்பிக்கும் முன்பே ஆளுக்கொரு சீட்டில் எழுதுங்கள்: இந்த வேலை இன்று நம்மிடம் இல்லை, யாரோ புதிதாக வந்து இந்தப் பணத்தைக் கேட்கிறார், கொடுப்போமா? ஆறு வேலைக்கும் ஆறு பதில். எழுதிய பிறகு பேசுங்கள். மேனேஜர் என்ன நினைக்கிறார் என்று அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியவரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நல்ல மாதமானாலும் கெட்ட மாதமானாலும், இதே சீட்டு.

நிறுத்துவது என்று முடிவானால் அம்மணி, அதை ஒரு வேலையாகவே நடத்துங்கள். அதற்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, ஒரு பட்ஜெட் வேண்டும். பொறுப்பாளர் தம்பியாகவே இருக்கட்டும், பறித்துக்கொண்டது போல ஆகக் கூடாது. பிராண்டில் இருக்கும் ஆட்களிடம் விஷயம் டீக்கடை வழியாகப் போவதற்கு முன் அவரே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். டிசைனருக்கும் போட்டோ எடுப்பவருக்கும் உங்கள் மெர்ச்சண்டைசிங்கில் இடமிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். உள்நாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆர்டர் பிடிக்க, சொந்தமாக விற்றுப் பார்த்த தம்பியைவிடத் தகுதியானவர் உங்கள் கம்பெனியில் இருக்க மாட்டார். ஏர்பஸ் வாடிக்கையாளரை உள்ளேயே வைத்துக்கொண்டதைப் போல, நீங்கள் அவர் கற்றதை உள்ளே வைத்துக்கொள்ளலாம். இது அவரைச் சமாதானப்படுத்தச் சொல்வதல்ல. 1 கோடியே 55 லட்சம் கொடுத்து வாங்கிய அறிவு அது.

மிஞ்சும் ஸ்டாக்கை இலவசமாக எங்காவது கொடுக்க மனம் வந்தால், அதற்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்குக் கழித்துக்கொண்ட தொகையை)த் திருப்ப வேண்டியிருக்கும், ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்பத்தா பெயரை டிரேட்மார்க் பதிவு செய்திருந்தால் அது பதிவு கோரிய நாளிலிருந்து பத்து ஆண்டு இருக்கும், புதுப்பிக்கவும் முடியும். ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் நீக்கச் சொல்லி வேறொருவர் மனு போடலாம். ஃபேக்டரி வாசல் கடையில் சின்ன அளவிலாவது அந்தப் பெயரில் பில் போட்டு விற்றுக்கொண்டிருந்தால் பெயர் உங்கள் குடும்பத்திலேயே இருக்கும். அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசி ஆர்டர் போன பிறகும் ஒரு மாதத்துக்காவது கஸ்டமர் கேர் போனை எடுக்க ஒருவர் இருக்கட்டும். திரும்பி வரும் பார்சல்கள் அப்போதுதான் நிறைய வரும். ஏதோ ஒரு ஊரில் ஒரு தாய் பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டைக்கான பணத்தைக் கேட்டுக் கூப்பிடுவார். அப்பத்தா பெயரில் வாங்கியது அது, மூன்று நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.